பட்டம் பெற்ற பின் வைத்தியம் படிக்கலாமா?

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாட்களில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒருவகைப் பரபரப்பு நிலவும். படலையைத் திறந்துகொண்டு எவர் உள்ளே வந்தாலும் முதலில் எழும் கேள்வி, "பிள்ளைக்கு என்ன முடிவு?" என்பதே. மருத்துவ பீடத்துக்கு இடம் கிடைக்கும் என்று நிச்சயமான வீட்டில் பொங்கிப் படைப்பார்கள். கிடைக்காத வீட்டிலோ, பிள்ளை மூன்று பாடங்களிலும் நன்றாகச் சித்தியெய்தியிருந்தாலும், பெற்றார் முகம் வாடியே இருக்கும். பத்தொன்பது வயதில் அப்பிள்ளையின் வாழ்வு இன்னதென்று தீர்ப்பாகிவிட்டது போல ஊரும் கருதும். பிள்ளையும் அவ்வாறே கருதிவிடும்.

ஆசிரியத் தொழிலிலே காலங் கழிக்கும் நாம் இக்காட்சியை ஆண்டுதோறும் காண்கிறோம். அதற்குப் பின் நிகழும் இன்னொன்றையும் காண்கிறோம். அன்று இடம் கிடையாத பிள்ளை வர்த்தகமோ கணிதமோ பொறியியலோ படித்துப் பட்டம் பெற்று, நல்ல உத்தியோகமும் ஏற்று, இருபத்தாறு இருபத்தேழு வயதில் நம்மைத் தேடி வருவதுண்டு. சிறிது நேரம் வேறு விஷயம் பேசுவார்கள், பின்பு தயங்கித் தயங்கி, "சேர், இனிமேல் டாக்டருக்குப் படிக்க ஏலுமோ?" என்பார்கள். அவர்களுடைய தகப்பன்மாரும் சில வேளைகளில் வருவார்கள். "கையிலிருக்கிற உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆரேனும் திரும்பப் பள்ளிக்கூடம் போவினமோ? நீங்கள்தான் புத்தி சொல்லவேணும்" என்பது அவர்கள் வேண்டுகோள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியையும் துணைக்கு அழைப்பார்கள்.

இரு சாராருக்கும் பொதுவாக, முகமனும் இன்றி அச்சுறுத்தலும் இன்றி, ஒரு விடை கூற முடியுமா என்று ஆராய்வதே நம் நோக்கம். அதற்கு மேல்நாட்டுச் சரித்திரத்தை முதலில் புரட்ட வேண்டியதில்லை. வட்டுக்கோட்டைக்கும் மானிப்பாய்க்கும் இடையேயுள்ள சில கல் தூரத்திலேயே இவ்வினாவுக்கு விடை உண்டு.

மானிப்பாய் காட்டிய வழி

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூர் ஐயர் தலைமையில் வட்டுக்கோட்டையில் செமினரி என்னும் உயர்தரக் கலாசாலை ஆரம்பமாயிற்று. தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம், பௌதிகம், தருக்கம் என்று பல துறைகள் அங்கே கற்பிக்கப்பட்டன. 1833ஆம் ஆண்டில் வந்த டாக்டர் நேதன் வார்ட் அங்கே கற்பித்ததோடு சிலருக்கு வைத்தியமும் சொல்லிக் கொடுத்தார். அவர் 1846ஆம் ஆண்டில் நாடு திரும்ப, அடுத்த ஆண்டு அவர் இடத்துக்கு வந்தவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். யாழ்ப்பாணத்திலே கால் வைத்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848ஆம் ஆண்டில் மானிப்பாய்க்கு இடம் மாறினார். அவ்வாண்டிலேயே சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு வைத்திய வகுப்பு ஒன்றையும் தொடங்கினார்.

அவ்வகுப்பிலே சேர்ந்தவர் யார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. எழுத்துப் படிக்கத் தொடங்கிய சிறுவரை அவர் தேடவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியில் உயர்கல்வி கற்றவர்களை எடுத்துக்கொண்டார். கணிதமும் பௌதிகமும் கற்ற மூளை, இலக்கணமும் தருக்கமும் பழகிய நா, ஆங்கில நூலைத் தாமே வாசித்தறியும் ஆற்றல் ஆகிய இவையெல்லாம் அவர்களிடம் முன்னரே இருந்தன. அவற்றின்மேல் உடற்கூறு, உடற்றொழில், இரசாயனம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், மருந்தியல் என்பவற்றை அவர் ஏற்றினார். செமினரி பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் அன்று. ஆயினும் பொதுக் கல்வியை முடித்து, அதன்மேல் வைத்தியக் கல்வியைக் கட்டும் முறை அங்கே முழுமையாக இருந்தது. கொழும்பில் வைத்தியக் கல்லூரி 1870ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் இது நடந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

செமினரியிலே ஒன்றைக் கற்றுப் பின் வேறொன்றுக்குத் திரும்பியவர் வைத்தியத் துறையில் மட்டும் இருக்கவில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். ஆசிரியராக இருந்தார், பத்திரிகை நடத்தினார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவராக 1857ஆம் ஆண்டில் தேறினார். அரசாங்கக் கணக்குத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தார். நாற்பதை நெருங்கும் வயதில், 1871ஆம் ஆண்டில், சட்டப் பட்டம் பெற்று வழக்கறிஞரானார்; பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். இவ்வளவுக்கும் நடுவே ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று எண்ணியிருந்தால் நமக்கு அந்தப் பதிப்புகள் கிடைத்திருக்குமா?

மானிப்பாய்க்கு மீள்வோம். கிறீனுடைய வகுப்பிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி அவருக்கே ஒரு கவலை பிறந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்களுக்குக் குடாநாட்டுக்கு வெளியே உத்தியோகமும் சம்பளமும் காத்திருந்தன. அவர்கள் அங்கே சென்றுவிட, காய்ச்சலும் வாந்திபேதியும் வாட்டிய கிராமங்கள் பழையபடியே கிடந்தன. ஆகவே 1864ஆம் ஆண்டு தொடக்கம் வைத்தியத்தைத் தமிழிலே கற்பிக்கலானார். கற்பிக்க நூல் வேண்டுமே! கட்டர் எழுதிய உடற்கூற்று நூல் 1852ஆம் ஆண்டிலேயே தமிழாகியிருந்தது. அதன் பின் பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வந்தன. கிறீனும் அவர் மாணாக்கரும் சேர்ந்து உழைத்த பயன் அது. உலகப் புகழ் பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல்தான் 1872ஆம் ஆண்டில் மனுஷ அங்காதிபாதம் ஆயிற்று. 1873ஆம் ஆண்டில் உடல் நலிந்து தாய்நாடு திரும்பிய பின்னரும், இங்கிருந்து தபாலில் சென்ற மொழிபெயர்ப்புகளை அவர் திருத்தி அனுப்பிக்கொண்டேயிருந்தார். 1884ஆம் ஆண்டில் காலமாகும்வரை அப்பணி ஓயவில்லை. அவர் கையில் வைத்தியம் பயின்ற நம்மவர் தொகை 60க்கு மேல்.

கிறீன் தம் சமயத்தைப் பரப்பும் நோக்கத்தோடும் வந்தவர். அந்நோக்கத்தில் நம்மவர் பலருக்கு உடன்பாடு இருக்கவில்லை. ஆனால் அவர் வகுப்பு நமக்குச் சொல்லிச் சென்ற பாடங்கள் இரண்டும் எச்சமயத்தார்க்கும் பொது. வேறொரு கல்வியை முடித்தவன் வைத்தியத்துக்கு வந்தால் அவன் பழைய கல்வி வீணாவதில்லை என்பது ஒன்று. எதற்காக வைத்தியனாகிறோம் என்ற வினா, வைத்தியனாவதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டியது என்பது மற்றது.

முப்பது வயது மாணாக்கர்

நம் சரித்திரத்தோடு ஒட்டிய இன்னொருவர் வரலாறு சென்னையிலே நிகழ்ந்தது. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பாரிஸ்ரராகிய தம் கணவரோடு 1866ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தவர். கணவரின் சட்ட வேலையில் உதவிக்கொண்டு பிள்ளைகளையும் வளர்த்து வந்தார். ஆண் வைத்தியர் கண்ணிற்படக் கூடாதென்ற கட்டுப்பாட்டினால், பிரசவ வேதனையிலே தக்க துணையின்றி இறந்துபோகும் பெண்களைப் பற்றி அவர் கேள்வியுற்றார். முதலில் மகப்பேற்று வைத்தியசாலையிலே மருத்துவிச்சிப் பயிற்சி பெற்றார். அது போதாது என்பதை அனுபவத்திற் கண்டபின், 1875ஆம் ஆண்டில், வேறு மூன்று பெண்களோடு சென்னை வைத்தியக் கல்லூரியிலே சேர்ந்தார். அப்போது அவர் முப்பது வயதினர். மூன்று குழந்தைகளின் தாய். அங்கே மூன்றாண்டு கற்றுத் தேறி, பின்னர் இலண்டன் சென்று 1882ஆம் ஆண்டில் பட்டமும் பெற்று, மீண்டும் சென்னைக்கே வந்தார். 1885ஆம் ஆண்டில் பெண்களுக்கென்று அவர் தொடங்கிய வைத்தியசாலையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி வைத்தியசாலையாக விளங்குகிறது.

இவ்வம்மையார் நேரே கல்லூரி வாயிலை நோக்கி ஓடவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். முதலில் நோயாளியின் பக்கத்திலே நின்று பார்த்தார். இந்த வேலை தமக்கு ஏற்றதா, தாம் இதற்கு ஏற்றவரா என்று அறிந்த பின்னரே மாணவியானார்.

அல்பேர்ட் ஷ்வைற்சரின் பெயரை நம் மாணவர் கேள்விப்பட்டிருப்பர். முப்பது வயதுக்குள் தத்துவத்திலும் இறையியலிலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்று, ஸ்றாஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராய், ஓர்கன் வாசிப்பில் பேர் பெற்றவராய், சங்கீத மேதை பாக்கைப் பற்றி ஒரு பெரு நூலின் ஆசிரியராய் விளங்கியவர் அவர். ஆபிரிக்காவின் கபோன் நாட்டிலே வைத்தியர் இல்லாத குறையை ஒரு சஞ்சிகையில் வாசித்து, 1905ஆம் ஆண்டில் வைத்தியம் கற்கப் போவதாக நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். உறவினரும் நண்பரும் அவரைத் தடுக்க எவ்வளவோ முயன்றனர். மருத்துவ பீடாதிபதிக்கோ, இவரை மனநோய் வைத்தியரிடம் அனுப்பினால் நல்லது என்று தோன்றியதாம்! பல்கலைக்கழக ஆசிரியராக உள்ளவர் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிவுசெய்ய முடியாது என்ற சட்டச் சிக்கலும் எழுந்தது. கடைசியில் அரசாங்கமே விசேஷ அனுமதி அளித்துப் பரீட்சைக்குத் தோற்ற வழி செய்தது.

அவ்வாண்டுகள் சோர்வோடு இடைவிடாது போராடிய ஆண்டுகள் என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். விரிவுரை, பிரசங்கம், கச்சேரி ஆகியவற்றின் நடுவே படிப்பு. பரீட்சைக் கட்டணத்தையும் ஓர்கன் வாசித்துப் பெற்ற பணத்தினாலேயே கட்டினார். 1911ஆம் ஆண்டில் தேறி, வைத்தியசாலைப் பயிற்சியும் ஆய்வும் முடித்து, 1913ஆம் ஆண்டில் ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவர் மனைவியாரும் துணை செய்வதற்கென்றே தாதிப் பயிற்சி பெற்றிருந்தார். முப்பத்தெட்டு என்றவுடன் நம்மவர் தலையை அசைப்பர். ஆனால் அதன் பின் அவர் வைத்தியராக வாழ்ந்தது அரை நூற்றாண்டுக்கு மேல்.

இன்னொன்றும் அவர் சொல்லியிருக்கிறார். தத்துவத்திலும் வரலாற்றிலும் ஒருவன் வாதத் திறமையினாலே தன் கருத்தை நிலைநாட்டிவிடலாம். இயற்கை விஞ்ஞானத்திலோ நிரூபிக்கப்பட்ட உண்மை ஒன்றே செல்லும். அந்த மாற்றம் தமக்குப் பெரு விருந்தாயிருந்தது என்கிறார். கலை படித்தவர் விஞ்ஞானத்துக்கு வரும்போது அஞ்ச வேண்டிய இடமும் அதுவே, மகிழ வேண்டிய இடமும் அதுவே.

அமெரிக்காவில் திறந்த வாயில்

ஷ்வைற்சருக்கு அரசாங்கம் விசேஷ அனுமதி கொடுத்தது. எல்லோருக்கும் அவ்வாறு விதிவிலக்குக் கேட்க முடியாது. பிந்தி வருபவர்க்கு ஒழுங்கான பாதை ஒன்றை அமைத்த நாடு அமெரிக்கா.

அங்கே 1893ஆம் ஆண்டில் திறந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, பட்டம் பெற்றவர்களையே மாணவராக ஏற்பது என்று விதித்தது. மற்றைய கல்லூரிகள் பலவற்றில் அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரும் பணங் கட்டிச் சேரலாம் என்ற நிலை இருந்தது. 1910ஆம் ஆண்டில் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் அக்கல்லூரிகளை ஒவ்வொன்றாகச் சென்று பார்த்து வெளியிட்ட அறிக்கை அந்நிலையைப் புரட்டியது. பிளெக்ஸ்னர் வைத்தியர் அல்லர். பாடசாலை நடத்திய ஆசிரியர் என்பது நம் போன்றோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. காலப்போக்கில், முதலில் நான்காண்டுப் பட்டம், பின்னர் நான்காண்டு வைத்தியக் கல்வி என்பது அந்நாட்டின் பொது வழக்காயிற்று.

பட்டம் எத்துறையிலும் இருக்கலாம். ஆனால் உயிரியல், பொது இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றை ஆய்வுகூடப் பயிற்சியோடு படித்திருக்க வேண்டும். இலக்கியமோ வரலாறோ வர்த்தகமோ படித்துவிட்டுப் பின்னர் மனம் மாறியவர் இவற்றுக்கு எங்கே போவது? அவர்களுக்கென்றே கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1955ஆம் ஆண்டில் பட்டத்துக்குப் பிந்திய மருத்துவ முன்னிலை வகுப்பை ஏற்படுத்தியது. 1972ஆம் ஆண்டில் பிறின் மோர் கல்லூரியும், தொடர்ந்து வேறு பலவும் அவ்வாறு செய்தன. அதில் ஓராண்டு முதல் ஈராண்டு வரை விஞ்ஞானப் பாடங்களைக் கற்று, வைத்தியசாலையிலே தொண்டு செய்து, நுழைவுப் பரீட்சை எழுதி, அதன்பின் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பிலே சேர்ந்ததனால் மருத்துவக் கல்லூரியில் இடம் நிச்சயம் என்பது இல்லை.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒருவர் இருபத்திரண்டில் பட்டம் பெற்று, ஐந்தாண்டு உத்தியோகம் பார்த்து, இருபத்தேழில் இவ்வகுப்பிலே சேர்கிறார் என வைப்போம். ஈராண்டு முன்னிலை வகுப்பு, விண்ணப்பித்துக் காத்திருக்க ஓராண்டு, கல்லூரியில் நான்காண்டு, அதன்பின் வைத்தியசாலைப் பயிற்சி குறைந்தது மூன்றாண்டு. முப்பத்தேழு வயதில் அவர் சுதந்திரமாகத் தொழில் புரியலாம். இதற்குள் செலவாகும் பணம் பெரும் தொகை. அமெரிக்க இளைஞர் பலர் நீண்ட காலக் கடனோடுதான் வெளிவருகிறார்கள்.

பிற நாடுகளும் இவ்வழியை நாடின. அவுஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996ஆம் ஆண்டிலும், சிட்னி, குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகங்கள் அடுத்த ஆண்டிலும் பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவ வகுப்பை ஆரம்பித்தன. இலண்டனில் சென் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரி 2000ஆம் ஆண்டில் அவ்வாறு செய்தது. கனடாவில் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் 1969ஆம் ஆண்டு முதல் வகுப்பைத் தொடங்கியபோதே, குறித்த விஞ்ஞானப் பாடங்கள் கட்டாயம் என்ற நிபந்தனையை விதிக்காமல், நோயாளியின் பிரச்சினையிலிருந்து பாடத்தைத் தொடங்கும் முறையைக் கைக்கொண்டது. இந்நாடுகளிலெல்லாம் நம் குடாநாட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே இருபத்தைந்து வயதில் வைத்தியம் படிக்கத் தொடங்கும் மருமகனைப் பற்றி இங்குள்ள மாமன்மார் கவலைப்பட வேண்டியதில்லை. அது அந்நாட்டு வழக்கம்.

நம் நாட்டின் நிலை

இங்கே நிலை வேறு. நம் அரச மருத்துவ பீடங்களுக்கு வாயில் ஒன்றே. அது உயர்தரப் பரீட்சை. உயிரியல், இரசாயனம், பௌதிகம் ஆகிய மூன்றிலும் பெறும் புள்ளியும், மாவட்டமும் சேர்ந்து இடத்தைத் தீர்மானிக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறைவரை தோற்றலாம். பட்டதாரி என்ற தகுதியினாலே உள்ளே செல்லத் தனி வழி கிடையாது. 1978ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது நம் பிள்ளைகள் வீட்டுக்கு அண்மையிலேயே வைத்தியம் படிக்கும் பேறு பெற்றார்கள். ஆயினும் அதன் வாயிலும் இதே வாயில்தான்.

உள்ளே சென்றவருக்கு ஐந்தாண்டுப் படிப்பு. அதன்மேல் ஓராண்டு வைத்தியசாலைப் பயிற்சி. பிந்தி எண்ணுபவருக்கு எஞ்சியுள்ள வழி பெரும்பாலும் வெளிநாடு. அவ்வாறு செல்ல நினைப்பவர், எக்கல்லூரியை நம் நாட்டு மருத்துவப் பேரவை அங்கீகரிக்கிறது, உயர்தரப் பரீட்சையில் என்ன தகைமை வேண்டும் என்பவற்றைப் பணங் கட்டுவதற்கு முன்னரே பேரவையிடம் கேட்டறிய வேண்டும். தரகர் சொல்லைக் கேட்டுக் காணியை ஈடு வைத்தல் ஆகாது. திரும்பி வந்தபின் பேரவையின் பரீட்சையிலும் தேற வேண்டும், அது எளிதன்று.

பட்டதாரிகளுக்கும் சிறிதளவு இடம் ஒதுக்கினால் என்ன என்று நாம் எண்ணுவதுண்டு. இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்கள் வலுவானவை. இலவசக் கல்வி அளிக்கும் நாடு, ஒருவருக்கே இரு முறை பல்கலைக்கழகச் செலவு செய்யலாமா? ஏற்கெனவே ஒரு பட்டத்தோடு இருப்பவருக்குக் கொடுக்கும் இடம், ஓலைக் கொட்டிலிலே விளக்கொளியில் படித்த ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் இடம் அன்றோ? இக்கேள்விகளைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆகையால் அவ்வழி திறக்கப்படுமாயின், இப்போதுள்ள இடங்களைக் குறைக்காமல், மேலதிகமாகச் சில இடங்களாகவே இருக்க வேண்டும். சேர்பவர் தீவுப் பகுதியிலோ வன்னியிலோ குறித்த ஆண்டுகள் பணி செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். 1864ஆம் ஆண்டில் கிறீனுடைய கவலையும் இதுவே. கற்றவன் கிராமத்தில் நிற்பானா என்பதுதான்.

புறப்படுமுன் எண்ண வேண்டியவை

இனி, நம்மைத் தேடிவரும் இளைஞருக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, நோக்கத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பது வயதிற் பெற்ற ஏமாற்றம் இன்னும் நெஞ்சில் உறுத்துவதனால் மட்டும் வைத்தியம் வேண்டும் என்றால், அது வைத்தியத்தின்மேல் உள்ள ஆசையன்று. பரீட்சையின்மேல் உள்ள கோபம். சீதனச் சந்தையிலே டாக்டர் மாப்பிள்ளையின் விலை உயர்வு என்பதற்காக என்றால், அதைப் பற்றிப் பேசாதிருப்பதே நன்று. ஷார்லீப் அம்மையாரைப் போல நோயாளியின் பக்கத்திலே முதலில் நின்று பாருங்கள். விடுமுறை நாட்களில் முதியோர் இல்லத்திலோ, நீண்ட நாள் நோயாளர் தங்கும் இடத்திலோ ஆறு மாதம் தொண்டு செய்யுங்கள். சீழையும் மலத்தையும் அழுகையையும் இரவு விழிப்பையும் கண்ட பின்னும் அந்த ஆசை நிற்குமாயின், அது நிலையான ஆசை.

இரண்டாவது, அடிப்படை விஞ்ஞானத்தைக் குறுக்கு வழியிலே கடக்க முடியாது. கணிதம் படித்தவரானாலும் சட்டம் படித்தவரானாலும், உயிரியலையும் இரசாயனத்தையும் பாலபாடத்திலிருந்து தொடங்கத் துணிய வேண்டும். தம்மிலும் பத்து வயது இளையவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரைவாக விடை சொல்லும்போது நாணாமல் எழுதிக்கொள்ளும் அடக்கம் வேண்டும். இருபத்தேழு வயதினருக்கு இரசாயனத்திலும் பார்க்கக் கடினமானது இந்த அடக்கமே என்பது நம் அனுபவம்.

மூன்றாவது, குடும்பக் கணக்கு. பத்தாண்டு உழைப்பு நின்றுபோனால் தங்கையின் கலியாணம் என்னாகும், தாயின் மருந்துச் செலவை யார் பார்ப்பது, மனைவி உடன்படுகிறாளா என்பவற்றைக் கடதாசியில் எழுதிப் பார்க்க வேண்டும். ஷ்வைற்சருக்குக் கச்சேரிப் பணம் இருந்தது; துணைவியாரின் உடன்பாடும் இருந்தது. குடும்பத்தை இருட்டில் விட்டு மனிதகுலத்துக்கு விளக்கேற்ற ஒருவரும் கேட்கவில்லை.

நான்காவது, நோயாளிக்குத் தொண்டு செய்ய டாக்டர் பட்டம் ஒன்றே வழி என்று எண்ணாதிருத்தல். மருந்து எனப்படுவது நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலே நின்று கொடுப்பவன் என நான்கு கூறுடையது என்று வள்ளுவர் வகுத்திருக்கிறார். நான்காவது கூற்றை நம்மவர் மறந்துவிட்டனர். தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன்மருத்துவர், சுகாதாரப் பரிசோதகர், உளவளத் துணையாளர் ஆகியோர் இல்லையேல் எந்த டாக்டர் தனியாக எதைச் சாதிப்பார்? புள்ளிவிவரம் படித்தவர் தொற்றுநோய் பரவும் வகையை ஆராயலாம். பொறியியல் படித்தவர் செயற்கைக் கால் செய்யலாம். போரிலே அவயவம் இழந்தோர் பலர் வாழும் நம் மண்ணில் அது சிறு தொண்டு ஆகாது. முதற் பட்டத்தை எறிந்துவிடாமலே வைத்தியசாலைக்குள் செல்லும் வழிகள் இவை.

இந்நான்கையும் எண்ணிப் பார்த்த பின்னும், "எனக்கு வேண்டியது வைத்தியம்தான்" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அவரைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. தகப்பன்மாரிடமும் இதையே பணிவோடு கூறுவோம். வயது போய்விட்டது என்ற காரணம் ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள். அவை கேட்கத் தக்கவை. உத்தியோகம் பார்த்த ஐந்தாண்டிலே அவர் பொறுப்பையும் பணத்தின் அருமையையும் மேலதிகாரியின் ஏச்சையும் கற்றிருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மருத்துவ பீடத்துக்குச் சென்ற பிள்ளை இவற்றை நோயாளியின் செலவிலே கற்க வேண்டியிருக்கும்.

பத்தொன்பது வயதிலே இடம் கிடையாது வாடி நிற்கும் பிள்ளைகளுக்கும் அவர்தம் தாய்மாருக்கும் நாம் சொல்லக்கூடியது இது: கிடைத்த துறையைச் செவ்வனே படியுங்கள். கணிதமோ பொருளியலோ தமிழோ எதுவாயினும், அதனை அரை மனத்தோடு படித்தவர் பின்னர் வைத்தியத்தையும் அரை மனத்தோடுதான் படிப்பார். செமினரியிலே தருக்கமும் கணிதமும் கற்றவர் தாம் பின்னொரு நாள் மானிப்பாயிலே நாடி பிடிப்போம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் அன்றைய பாடத்தை அன்று நன்றாகப் படித்தார்கள். அதனாலே கிறீன் வகுப்பைத் தொடங்கியபோது ஆயத்தமாக இருந்தார்கள். அவர்கள் வைத்தியம் பார்த்த மானிப்பாயிலே கிறீன் பெயரால் வைத்தியசாலை இன்றும் இருக்கிறது. அவ்வழியே செல்லும்போது பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, இக்கதையையும் சொல்லுங்கள்.